எழுதப்படாத களவு



“நம் மயிலாப்பூரில் களவு குறைவு, சாமி” என்று பூசை முடிந்து ஒரு பெரியவர் பெருமைப்பட்டார். சந்தோஷந்தான். ஆனால் லஸ் அருகே சங்கிலியைப் பறிகொடுத்த ஒரு தாயார் (அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்) இரண்டு மாதமாய்ப் போலீசுக்குப் போகவில்லை. மகளுக்கு வரன் பார்க்கிற வேளையில் ‘ஸ்டேஷன் ஏறின குடும்பம்’ என்று பேசுவார்களே என்ற பயம். அந்தக் களவு எந்தக் கணக்கில் சேரும்?

பதிவான வழக்குகள் கூடியதாலேயே குற்றம் கூடிற்றென்று எண்ணலாகாது என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகமே தன் ஆண்டறிக்கையில் எச்சரிக்கிறது. வழக்குகள் குறைந்தாலும் அப்படித்தானே? வாய்மூடிய தெருவில் கணக்கு இறங்கத்தான் செய்யும்.

சட்டத்தில் வழியுண்டு. 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள புதிய சட்டப்படி எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். பதிவின் நகல் இலவசம்.

மறைத்தது பாவமா என்று அத்தாயார் கேட்டார். பயந்தவர்மேல் பாவஞ் சுமத்த எனக்கு மனம் வரவில்லை. அதே கை நாளை இன்னொருத்தி கழுத்துக்கு நீளுமே என்று மட்டும் சொன்னேன். ஆனால், அவரைப் பயமுறுத்தி வாய்மூடச் செய்தது யார்? திருடனா? வரன் விசாரிக்க வருகிறவர்களிடம் வாசலில் நின்று வம்பளக்கும் நாமல்லவா? பிறர்சிநேகம் நாவுக்கு வேண்டாமா?

போன செவ்வாயன்று அவர் புகார் கொடுத்துவிட்டார். துணைக்குப் போனவர் அந்தப் பெரியவர்தான்.