குறையின் எதிர்ச்சொல்: குற்றமின்மையா, நிறைவா?

முன்னுரை

குறையற்ற ஒன்றைச் சுட்டத் தமிழில் இருவகைச் சொற்கள் வழங்குகின்றன. மாசற்றது, பழுதிலாதது, குற்றமற்றது என்பன குறையைச் சொல்லி அதனை மறுப்பவை. செம்மை, நிறைவு, அழகு என்பன குறையைக் குறிப்பிடாமலேயே நன்மையைக் கூறுபவை. இவ்விரு வகையும் ஒரு பொருளன அல்ல. மனிதரைப் பற்றிப் பேசுமிடத்து இவ்வேறுபாடு அறஞ்சார்ந்த வினாவாகிறது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

குற்றமும் அழகும்

பவணந்தி முனிவரின் நன்னூல் நூலுக்குரிய குற்றங்கள் 10 என்றும் அழகுகள் 10 என்றும் வகுக்கிறது. குற்றம் நீங்கிய அளவிலேயே நூல் அழகுறுமாயின், அழகுகளைத் தனியே எண்ண வேண்டியதில்லை. மேலும், குன்றக் கூறல் குற்றம். சுருங்கச் சொல்லல் அழகு. இரண்டிலும் சொற்கள் குறைவே. பொருள் விளங்காதவிடத்துக் குற்றமாவது, விளங்குமிடத்து அழகாகிறது. ஆகவே, குறை என்பது அளவை மட்டும் பொறுத்ததன்று, பயனையும் பொறுத்தது.

எச்சமும் முற்றும்

புறநானூற்றின் 28ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் கூன், ஊம், செவிடு முதலிய எட்டினை 'எண்பேரெச்சம்' எனத் தொகுத்து, அவற்றால் பயனில்லை என அறிந்தோர் கூறியதாக உரைக்கிறார். இங்கு எச்சம் என்பது குறைபாடு. இலக்கணத்திலோ அச்சொல்லுக்கு இழிவு இல்லை. 'வந்த' என்பது பெயரையும் 'வந்து' என்பது வினையையும் அவாவி நிற்கும். எச்சத்தின் எதிர் முற்று. எனினும் எச்சத்தைப் பிழைபட்ட சொல் என்பார் எவருமிலர். தன்னை முடிக்கும் சொல்லோடு இயைந்து அது தொடராகிறது.

உடலும் பழியும்

பொறியின்மை பழியன்று, அறிய வேண்டுவன அறிந்து முயலாமையே பழி என்பது குறள் 618இன் கருத்து. பொறி என்பதற்குப் பரிமேலழகர் விதி எனப் பொருள் கொள்வார். உறுப்பு எனக் கொள்வாரும் உளர். எவ்வாறு கொள்ளினும், தன் செயலால் வாராத ஒன்றிற்கு ஒருவர் பழி ஏற்க வேண்டியதில்லை என்பது தெளிவு.

அண்மைக்காலத்தில் 'ஊனமுற்றோர்' என்பதற்கு மாற்றாக 'மாற்றுத்திறனாளி' என்னும் சொல் தமிழக அரசு வழக்கில் இடம்பெற்றுள்ளது. இழிவை நீக்கிய நற்சொல் அது. ஆயினும், திறனைக் காட்டினால்தான் மதிப்பு என்னும் எதிர்பார்ப்பு அதனுள் மறைந்திருத்தல் கூடும். தனித்திறன் எதனையும் வெளிப்படுத்த இயலாமல் பிறர் பராமரிப்பிலேயே வாழும் குழந்தைக்கு அச்சொல் தருவது யாது? குறையை மறுக்கும் சொல்லும், திறனைப் போற்றும் சொல்லும் அக்குழந்தையை எட்டுவதில்லை.

முடிவுரை

பொன்னுக்கு மாசின்மை போதும். நூலுக்கு அழகும் வேண்டும். மனிதரின் மதிப்பை அளக்க இவ்விரண்டும் போதா. குழவிப் பருவத்தும் நோயிலும் முதுமையிலும் பிறரை அவாவி நில்லாதார் யார்? சிலரை மட்டும் எச்சம் என்றது பண்டைப் பட்டியலின் குறை. அப்பொருளில் யாவரும் எச்சமே. ஆதலின், குறையின் எதிர்ச்சொல்லைத் தனியொருவர் உடலிலோ திறனிலோ தேடுதல் பொருந்தாது. ஒருவரை மற்றவர் முடித்துவைக்கும் இயைபிலேயே அது பொருள்பெறும்.