விடுதி மாணவர் முஸாபிரா, முகீமா?

கோடை விடுமுறை முடிந்து கல்லூரிகள் திறக்கும் காலத்தில் நம் வீடுகளில் பெட்டி கட்டும் வேலை மும்முரமாக நடக்கும். ஊறுகாய், புதுப் போர்வை, தலையணை உறை எல்லாம் ஏறும். முஸல்லாவையும் உம்மா மறக்காமல் மடித்து வைத்து விடுவார். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ஊறுகாய் தீர்ந்திருக்கும். முஸல்லா மடித்தது மடித்தபடியே இருக்கும். எல்லாப் பிள்ளைகளையும் நாம் சொல்லவில்லை. ஆயினும் பலரைக் குறித்து இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

காரணம் கேட்டால், “இங்கே மூன்று வருஷம்தானே! படிப்பு முடிந்து ஊர் வந்ததும் எல்லாம் சரியாகிவிடும்” என்பார்கள். அவர்கள் ஏமாற்றவில்லை, மெய்யாகவே அப்படி எண்ணுகிறார்கள். விடுதி அவர்களுக்கு ஒரு ரயில் நிலையம். வாழ்க்கை ஊரில் இருக்கிறது. இங்கே காத்திருப்பது மட்டுமே. இந்த எண்ணம் சரிதானா?

ஃபிக்ஹு நூல்கள் இதற்கு நேராகவே விடை தருகின்றன. ஹனஃபி மத்ஹபில், ஓர் ஊரில் 15 நாட்கள் தங்குவதாக நிய்யத் செய்தவர் அங்கே முகீம். தொழுகையை கஸ்ரு செய்யும் சலுகை அவருக்கு இல்லை. ஷாஃபிஈ மத்ஹபில், வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக 4 நாட்கள் தங்க எண்ணினாலே போதும். (வாரந்தோறும் ஊருக்கு ஓடும் பிள்ளைகளின் நிலை வேறு, அவர்கள் தங்கள் ஆலிமிடம் கேட்டுக் கொள்ளட்டும்.) முஸாபிராகவே இருந்தாலும் என்ன? அவருக்கு நான்கு ரக்அத் இரண்டாகக் குறைகிறதே ஒழிய, தொழுகை நீங்கிவிடுவதில்லை!

ஹனஃபி நூல்களில் இன்னொரு நுட்பமும் உண்டு. தூரத்து ஊரில் படிக்கும் மாணவர் விடுமுறைக்குச் சொந்த ஊர் போய்விட்டால், கல்லூரி ஊரில் முன்பு அவருக்கிருந்த முகீம் நிலை முறிந்து விடுகிறது. திரும்பி வரும்போது புதிதாக நிய்யத் வேண்டும். அறையில் சாமான்களை வைத்துவிட்டுப் போனவருக்கு அது முறியாது என்று கூறும் ஆலிம்களும் இருக்கின்றனர். எப்படியாயினும், தங்குதல் என்பது உள்ளம் செய்யும் முடிவு என்பது விளங்குகிறதல்லவா? பஸ்ஸை விட்டு இறங்கியதாலேயே ஒருவர் ஓர் ஊருக்கு வந்து சேர்ந்தவராகி விடமாட்டார்.

ஷாஃபிஈ நூல்கள் மாணவரைப் பெயர் சொல்லியே பேசுகின்றன. ஜும்ஆ நிறைவேற, அவ்வூரிலேயே நிலையாகக் குடியிருக்கும் ஆண்கள் 40 பேர் வேண்டும். கல்வி கற்க வந்து, என்றாவது ஊர் திரும்பும் எண்ணத்தோடு பல வருஷம் தங்கியிருப்பவர் அந்த 40-இல் எண்ணப்படமாட்டார். ஆனால் ஜும்ஆ அவர்மீது கடமை! கணக்கில் இல்லை, கடமையில் உண்டு. விடுதிப் பிள்ளையின் நிலையை இதைவிடத் துல்லியமாக யார் சொல்லியிருக்கிறார்கள்? “இது என் ஊரில்லை” என்று அவர் சொல்வது மெய். “ஆகவே எனக்கு இங்கே கடமையில்லை” என்று அதிலிருந்து முடிவு கட்டுவதுதான் தவறு.

“மூமின் இவ்வுலகில் வழிப்போக்கனைப் போல் இருக்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்களே சொன்னார்களே?” என்று கெட்டிக்காரப் பிள்ளை ஒருவர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. அந்த ஹதீஸை அறிவிக்கும் இப்னு உமர் (ரலி) அவர்கள் அதனோடு என்ன சேர்த்துச் சொன்னார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். மாலையில் இருப்பவர் காலையை எதிர்பார்க்க வேண்டாம், காலையில் இருப்பவர் மாலையை எதிர்பார்க்க வேண்டாம் என்பது அவர்கள் சொன்னதன் கருத்து. வழிப்போக்கனுக்கு நாளை என்று ஒன்று உறுதியில்லை. மூன்று வருஷம் கழித்துத் தொழுது கொள்ளலாம் என்பவரோ உலகில் நெடுங்காலம் இருப்பதாக நிச்சயித்துக் கொண்டவர். அவர் எப்படி வழிப்போக்கர் ஆவார்?

தொழுகையோடு இது முடிவதுமில்லை. அந்நிஸா அத்தியாயத்தின் 36-ஆம் வசனம் பெற்றோர், உறவினர், அநாதைகள், ஏழைகள், அண்டை வீட்டார் ஆகியோரோடு, அருகிலிருக்கும் தோழருக்கும் நன்மை செய்யப் பணிக்கிறது. உடன் பயணம் செய்பவர், உடன் கல்வி பயில்பவர் ஆகியோரையும் விரிவுரையாளர்கள் இதில் சேர்த்திருக்கிறார்கள். அறைத் தோழரை இதைவிட நெருங்கிச் சுட்டும் சொல் வேண்டுமா? அவர் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அங்கே இல்லை.

நான்கு பேர் இருக்கும் அறையில், ஸுப்ஹுக்கு அலாரம் வைத்தவர் போர்வைக்குள் உறங்குவார். அது அடித்தடித்து எழுப்புவதோ நள்ளிரவு வரை படித்துவிட்டுப் படுத்த மாற்று மதத் தோழரை! தொழுகையும் போயிற்று, தோழரின் தூக்கமும் போயிற்று. முதல் வாரத்திலேயே அவரிடம், “நான் இன்ன நேரத்தில் எழுவேன், நீங்கள் எதுவரை விளக்கெரிப்பீர்கள்?” என்று பேசி வைத்துக் கொள்வதும் இகாமத்தில், அதாவது அவ்வூரில் தங்குவதில், சேர்ந்ததே.

பெற்றோருக்கும் ஒன்று சொல்வோம். தொலைபேசியில் “சாப்பிட்டாயா, தொழுதாயா?” என்று கேட்கிறீர்கள், அது வேண்டியதுதான். “உன் அறையில் இருப்பவர்கள் யார், எந்த ஊர், அவர்கள் வாப்பா, உம்மா என்ன செய்கிறார்கள்?” என்றும் கேட்டுப் பாருங்கள். விடை உடனே வராவிட்டால், பிள்ளை அங்கே இன்னும் குடியேறவில்லை என்று அறிந்து கொள்ளலாம்.