மலையும் லயமும்

நுவரெலியாவிலிருந்து வெலிமடைக்கு இறங்கும் பாதையில் ஹக்கலைப் பூங்கா இருக்கின்றது. ரோஜாக்களைக் காண மக்கள் அங்கே செல்கின்றனர். ஆனால் 1861ஆம் ஆண்டில் அது அமைக்கப்பட்டது அழகுக்காக அன்று. கொய்னா மருந்து தரும் சிங்கோனா மரத்தைப் பயிரிட்டுப் பார்ப்பதற்காகவே. அன்று சரக்காக மதிக்கப்பட்ட மலைச்சரிவு இன்று காட்சியாக மதிக்கப்படுகின்றது. இயற்கை பற்றிய கருத்து மாறுந்தோறும் நிலத்தின் தோற்றமும் மாறுகின்றது. அந்நிலத்தில் உழைப்பவனின் வீடு மாறிற்றா என்பதே நமது வினா.

1840ஆம் ஆண்டின் முடிக்காணிச் சட்டம், உரிமை காட்டவியலாத காட்டையும் தரிசையும் அரசின் உடைமையெனக் கொண்டது. தரிசு என்று பெயரிட்ட பின்னர் மலையை விற்பது எளிதாயிற்று. காடு அழிந்து கோப்பி வந்தது. 1869 முதல் இலைநோய் கோப்பியைத் தின்னத் தேயிலை வந்தது. காற்றும் காட்சியும் வாய்த்த மேட்டிலே துரை பங்களா எழுந்தது. தொழிலாளிக்கு வாய்த்ததோ, பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பரா.

1873இல் ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட அரசுக் காடுகளை விற்பது தடுக்கப்பட்டது. காடு நீரைக் காக்கும் என்ற அறிவின் விளைவு அது, நல்லதே. ஆனால் அந்த அறிவு மரத்தை எண்ணிற்று. மரத்தின் நிழலில் நின்ற மனிதனை எண்ணவில்லை.

பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில், 2014 அக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்களை மூடியது. அங்கே ஆபத்து உண்டென்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. “சொல்லியும் அவர்கள் போகவில்லையே” என்பாருளர். எங்கே போவது? சுற்றியுள்ள நிலமெல்லாம் தோட்டத்தினுடையது. ஓரடி மண்ணும் சொந்தமில்லாதவனிடம் “இடம் மாறு” என்பது அறிவுரையாகலாம், அறமாகாது.

அதனால் சூழலியல் வேண்டாமென்று நாம் கூறவில்லை. சரிவில் உரிமைப் பத்திரத்தோடு கட்டிய வீடும் மழையில் சரியத்தான் செய்யும். 2015இல் ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு என்ற கொள்கை முன்வந்தபோது, லயத்துக்கு மாற்று உண்டென்று அரசே ஒப்புக்கொண்டது. எந்த ஏழு பேர்ச்சஸ் என்பதே அடுத்த கேள்வி. தேயிலைக்கு உதவாத செங்குத்தான மூலையா, மண் உறுதியான நல்ல நிலமா? உறுதியான நிலத்தில் தேயிலைதான் நிற்க வேண்டுமென்றால், மனிதனைவிடச் செடிக்கே மதிப்பு அதிகமென்ற பழைய கணக்குத்தான் இன்னும் நடக்கின்றது.

மண் கரையாதிருக்க மலையெங்கும் கான் வெட்டியவர்கள் இத்தொழிலாளரே. எந்த மழைக்கு எங்கே ஊற்றுக் கிளம்பும் என்பதை அவர்கள் அறிவர். வீட்டுக்கு நிலம் குறிக்கும் நாளில் பொறியியலாளருடன் அவர்களும் அங்கே நிற்க வேண்டும். இரக்கத்துக்குரியவர்களாக அன்று, அம்மலையை அறிந்தவர்களாக.