இளஞ்சிவப்பு சொல்லும் சாட்சி

பவளத் தொட்டியின் நீரில் நைட்ரேட் எவ்வளவு இருக்கிறது? கண்ணால் பார்த்து யாரும் சொல்லிவிட முடியாது. சோதனைக் குழாயில் தெரிவது இளஞ்சிவப்பு நிறம் மட்டுமே. அளவு என்பது அனுமானம்.

அந்த அனுமானம் எப்போது அறிவாகிறது?

இந்தியத் தருக்க மரபான நியாய தரிசனத்தைச் சேர்ந்தவர்கள் இதை ஆழமாக யோசித்தவர்கள். நெருப்புள்ள இடமெல்லாம் புகை உண்டு என்று சொல்லிவிட முடியாது. விறகு ஈரமாக இருந்தால்தான் புகை வரும். இப்படி மறைந்து நிற்கும் நிபந்தனைக்கு உபாதி என்று பெயரிட்டார்கள். நைட்ரேட் சோதனையிலும் உபாதி உண்டு. பல சோதனைப் பெட்டிகள் துத்தநாகத் தூளால் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றிய பிறகே நிறம் காட்டுகின்றன. நீரில் ஏற்கெனவே நைட்ரைட் இருந்தால் அளவு பொய்யாக உயரும். தூள் புட்டியின் அடியில் தங்கிவிட்டால் குறையும்.

நைட்ரைட்டைத் தனியே சோதிப்பதும், புட்டியை நன்றாகக் குலுக்குவதும், அளவு தெரிந்த கரைசலோடு ஒப்பிடுவதும் உபாதியைத் தேடிக் களையும் வேலைதான். சில கருவிகள் நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனை மட்டுமே எண்ணும். நைட்ரேட்டின் அளவு வேண்டுமானால் அந்த எண்ணை 4.43 ஆல் பெருக்க வேண்டும்.