மூன்று குழிகள்

தென் ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரில் சில மணற்கல் பலகைகளைப் புரட்டிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் விசித்திரமான அச்சுகள் தெரியும். அவற்றுள் ஒன்று டிரைபிராக்கிடியம். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் வட்டம். நடுவிலிருந்து மூன்று கரங்கள் கிளம்பி, மூன்றும் ஒரே பக்கமாக வளைந்து விளிம்பை நோக்கிப் போகின்றன. மணல் மேலே வந்து மூடியபோது பதிந்த அச்சு என்பதால் உடலின் மேடு கல்லில் பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் இருக்கும்.

மார்ட்டின் கிளேஸ்னர் 1959இல் இதற்குப் பெயரிட்டார். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் வாழ்ந்த உயிர். எலும்பு கிடையாது, ஓடு கிடையாது, வாய் எங்கே என்று காட்ட ஒரு தடயமும் கிடையாது. அழிந்துபோன உயிர் எப்படி வாழ்ந்தது என்று அறிய, இன்று உயிரோடிருக்கும் அதன் சொந்தங்களைப் பார்ப்பதுதான் வழக்கம். இதற்கோ சொந்தமென்று சொல்லிக்கொள்ள இன்று யாருமில்லை. மூன்றாகப் பிரிந்த இப்படியொரு உடலமைப்பு இப்போது எந்த விலங்குக்கும் இல்லை.

உறவு அற்றுப்போன உயிரைப் பற்றி யாரிடம் விசாரிப்பது? இம்ரான் ரஹ்மான், சைமன் டாரோக் முதலான ஆய்வாளர்கள் தண்ணீரிடம் விசாரித்தார்கள். டிரைபிராக்கிடியத்தின் வடிவத்தைக் கணினியில் முப்பரிமாணத்தில் எழுப்பி, அதன்மேல் கணக்கால் ஆன நீரோட்டத்தை ஓடவிட்டார்கள். வேகத்தைக் கூட்டினார்கள், குறைத்தார்கள், உடலைத் திசை மாற்றி வைத்தார்கள். 2015இல் வெளியான முடிவு இது: கரங்கள் நீரின் வேகத்தைத் தணித்து மேல்நோக்கித் திருப்புகின்றன, உச்சிக்கு அருகில் இருக்கும் மூன்று சிறு குழிகளுக்கு மேலே ஓட்டம் தளர்ந்து சுழல்கிறது. அங்கே, நீரில் மிதந்துவரும் உணவுத்துகள் தன் எடையாலேயே கீழே படிந்துவிடும். எந்தப் பக்கமிருந்து நீர் வந்தாலும் இதுவே நடந்தது. அக்காலத்து உயிர்கள் பலவும் கரைந்த சத்தை உடலின் மேற்பரப்பு முழுவதாலும் உறிஞ்சி வாழ்ந்தன என்றொரு கருத்து உண்டு. அப்படி உறிஞ்சும் உடலுக்கு, நீரை மூன்றே இடங்களுக்குத் திருப்பிவிடும் தேவை என்ன?

இந்தக் கணக்கு அந்த உயிர் உண்டதைக் கண்ணால் கண்ட சாட்சி ஆகாது. எப்படியெல்லாம் வாழ்ந்திருக்கலாம் என்ற ஊகங்களில் நீரோட்டத்தோடு ஒத்துவராதவற்றைத் தள்ளிவைக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த அளவுக்கு அதை நம்பலாம். நீரோட்டத்துக்காக நாவியேவும் ஸ்டோக்ஸும் 19ஆம் நூற்றாண்டில் எழுதிய சமன்பாடுகள் இன்று குழாய் நீருக்குப் பொருந்துவதைப் போலவே, எடியாகாரன் எனப்படும் அந்தக் காலத்துக் கடலுக்கும் பொருந்தும். அந்தக் கடல் வற்றி மலையாகிவிட்டது. அந்த உயிரினம் அடியோடு போய்விட்டது. நீரின் பாகுத்தன்மையும் எடையும் மாறவில்லை.

என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது இதுதான். கல்லை மட்டும் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அந்தக் குழிகள் வெறும் குழிகள். நீரை ஓடவிட்ட பிறகே அவை உணவு சேரும் இடங்களாகத் தெரிகின்றன. அப்படியானால் அந்த உயிரின் வாழ்வில் ஒரு பாதி எப்போதுமே அதன் உடலுக்கு வெளியே, அதைத் தொட்டுக் கடந்துபோன நீரில் இருந்திருக்கிறது. நாம் உடல் என்று தனியாக வெட்டியெடுத்துப் பெயர் வைப்பது மற்றொன்றோடு கொண்ட உறவின் ஒரு கரையை மட்டுமே. மறு கரை இன்னும் இருப்பதால்தான் இந்தக் கரையில் வாழ்ந்ததைப் பற்றி ஏதோ கொஞ்சம் பேச முடிகிறது.

நமீபியாவில் கிடைக்கும் எர்னியட்டா என்ற அதே காலத்துப் புதைபடிவம் இந்த எண்ணத்தை இன்னும் ஒரு படி கொண்டுபோகிறது. கடலடி மணலில் பாதி புதைந்து, வாய் திறந்த பையைப் போல நின்ற உயிர் அது. கூட்டமாகப் புதைந்து கிடைப்பதும் உண்டு. 2019இல் வெளியான ஆய்வில் பல எர்னியட்டாக்களை அடுத்தடுத்து நிறுத்தி நீரை ஓடவிட்டார்கள். முன்னால் நிற்பது நீரைக் கலக்கிவிடுகிறது. அந்தக் கலக்கத்தில் பின்னால் நிற்பவற்றுக்கு உணவு வந்து சேர்வதும் கழிவு அகல்வதும் எளிதாகின்றன. தனியாகக் கிடைத்த ஒரு புதைபடிவத்தை வைத்து இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. பக்கத்தில் நின்றவற்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டியிருந்தது.