வீடற்றவனுக்கு வாசல் திறவுங்கள்

சேசுநாதருக்குள் பிரியமான பங்குக் குடும்பங்களே,

சென்ற ஐப்பசி மாதத்தில் நடந்த ஒரு காரியத்தை முதலில் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இது என் பாவசங்கீர்த்தனம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று செபமாலை முடிந்து நீங்களெல்லாரும் வீடு திரும்பிவிட்டீர்கள். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. இரவு ஒன்பது மணிக்குமேல் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்து பார்த்தால் ஒரு நெசவாளி, அவர் மனைவி, வயதான தாய், இரண்டு பெண் குழந்தைகள். துணியில் சுற்றிய தறி அச்சை அவர் நனையாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார். வாடகை மூன்று மாதம் நின்றுபோனதால் வீட்டைக் காலி செய்துவிட்டு வந்திருந்தார்கள். "ஒரு ராத்திரி மட்டும் ஒண்டிக்கொள்ள இடம் கொடுங்கள் சுவாமி" என்று கேட்டார்.

நான் என்ன கேட்டேன் தெரியுமா? "நீங்கள் எந்தப் பங்கு?" என்று கேட்டேன். "நாங்கள் உங்கள் வேதம் இல்லை சுவாமி" என்றார். "காலையில் வாருங்கள், பார்க்கலாம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். ஞானோபதேச அறை அன்று இரவு முழுவதும் காலியாகப் பூட்டிக் கிடந்தது. அதன் சாவி என் மேசைமேல் இருந்தது.

காலையில் அவர்கள் வரவில்லை. நம் உபதேசியார் விசாரித்துவந்து, அவர்கள் பேருந்து நிலையத்தில் இரவைக் கழித்துவிட்டு விடியற்காலையில் எங்கோ போய்விட்டதாகச் சொன்னார். அன்று திவ்விய பூசை செய்ய பீடத்தண்டை நின்றபோது என் கை நடுங்கியது.

பிரியமானவர்களே, பெத்லேகேமில் கதவைச் சாத்தியவர்களைப்பற்றி எத்தனை கிறிஸ்துமஸ் பிரசங்கங்களில் நான் கண்டித்துப் பேசியிருக்கிறேன்! அவர்கள் கொடியவர்கள் அல்ல. களைத்துப்போனவர்கள், வீடு நிறைய ஆட்கள் இருந்தவர்கள், காலையில் பார்க்கலாம் என்று நினைத்தவர்கள். அர்ச். சூசையப்பர் யார்? கைத்தொழில் செய்து பிழைத்தவர். கர்ப்பிணியான மனைவியோடு அந்நிய ஊரில் இடம் தேடி அலைந்தவர். பிறகு திருப்பாலனைத் தூக்கிக்கொண்டு இராவோடு இராவாக எஜிப்து தேசத்துக்கு ஓடியவர். 1955-ம் ஆண்டில் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் மே முதல் தேதியைத் தொழிலாளரான சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் 2015-ல் வாஷிங்டன் நகரில் வீடற்ற ஏழைகளைச் சந்தித்தபோது, தேவசுதன் இவ்வுலகிற்கு வீடில்லாதவராகவே வந்தார் என்பதை அவர்களுக்கு நினைவூட்டினார். கடைசித் தீர்வையிலோ, அந்நியனாய் வந்த தம்மை வீட்டில் சேர்த்துக்கொண்டோமா என்றுதான் நம் ஆண்டவர் கேட்கப்போகிறார். வந்தவன் எந்தப் பங்கு என்று கேட்டோமா என்று அவர் விசாரிக்கப்போவதில்லை.

நம் ஆரணியில் இந்தக் காரியம் இன்னும் கூர்மையானது. உத்தியோகஸ்தனுக்கு வீடு போனால் தங்குமிடம் மட்டும் போகும். நெசவாளிக்கு வீடு போனால் பிழைப்பும் கூடவே போகும். வீட்டுக்குள்ளேதான் தறி; தரையைத் தோண்டித்தான் தறிக்குழி. மனைவி தார் சுற்றுவதும், பிள்ளைகள் படிப்பதும், கிழவி படுத்திருப்பதும் அதே கூடத்தில்தான். ஆகையால் வாடகைக்கு வீடு தேடும் நெசவாளிக்கு இரட்டைக் கஷ்டம். "தரையைத் தோண்டக்கூடாது, தறிச் சத்தம் ஆகாது" என்கிறார்கள் வீட்டுக்காரர்கள். மலிவாய்க் கிடைப்பதோ தாழ்வான ஓட்டு வீடு. மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் ஊறும், தறி நிற்கும், கூலி நிற்கும், அதன்பின் வாடகையும் நிற்கும். கலியாணப் பந்தலில் நம் பட்டுச்சேலை பளபளக்கிறது. அதை நெய்தவன் தலைக்குமேல் கூரை இருக்கிறதா என்று கேட்கிறவர்கள் எத்தனை பேர்?

"இதையெல்லாம் சர்க்கார் பார்த்துக்கொள்ளாதா சுவாமி?" என்று கேட்பீர்கள். சர்க்காருக்கும் கடமை உண்டு. 2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில் நம் தேசத்தில் வீடற்றவர்கள் 17 லட்சத்துக்குமேல் என்று கண்டார்கள். பெருநகரங்களில் ஒரு லட்சம் ஜனங்களுக்கு நூறு பேர் தங்கும் ஓர் இரவுக் காப்பகம் என்ற அளவு, 2010-ல் சுப்ரீம் கோர்ட்டு வழக்கின்மூலம் வலுப்பெற்றது. சென்னை மாநகராட்சி இப்படிப்பட்ட காப்பகங்களை நடத்திவருகிறது. ஆனால் அதே 2011-ம் ஆண்டுக் கணக்கில் நம் ஊரின் தொகை அறுபதினாயிரத்துச் சொச்சம்தான். லட்சத்தை வைத்துப் போடும் கணக்கில் சிறிய ஊர்கள் பின்னால் நின்றுவிடுகின்றன. அந்த இடைவெளியில்தான் அயலான் என்ற முறையில் நீங்களும் நானும் நிற்கவேண்டியிருக்கிறது.

ஆகையால் பரிதாபப்படுவதோடு நின்றுவிடாதீர்கள். பரிதாபத்தால் ஒருவனும் மழையில் நனையாமல் இருந்ததில்லை. வழி தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். திக்கற்ற பெண்ணைக் கண்டால் 181, கைவிடப்பட்ட குழந்தையைக் கண்டால் 1098, ஆதரவற்ற முதியவரைக் கண்டால் 14567 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்யலாம். சொந்த மனையில்லாதவர்கள் வீட்டுமனைப் பட்டாவுக்குத் தாசில்தாரிடம் மனுச் செய்யலாம். திருவண்ணாமலையில் திங்கட்கிழமைதோறும் கலெக்டர் குறைகேட்கும் நாளிலும் மனுக் கொடுக்கலாம். நகரத்தில் சிறிது மனை இருந்தும் கட்ட வகையில்லாத ஏழைகளுக்கென்று, பிரதம மந்திரி வீட்டுவசதித் திட்டத்தின் இரண்டாம் பாகம் 2024-ல் தொடங்கப்பட்டது. அதன்படி வருஷ வருமானம் மூன்று லட்சத்துக்கு உட்பட்டும், தேசத்தில் எங்கும் கெட்டி வீடு இல்லாமலும் இருக்கவேண்டும். கிராமப் பக்கத்துக் குடிசைவாசிகளுக்காக அதே ஆண்டில் தமிழ்நாட்டு அரசு, வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் என்று கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தை ஆரம்பித்தது. கைத்தறிக்காரருக்குத் தறிக்கூடம் கட்ட உதவும் மத்திய சர்க்கார் திட்டமும் ஏற்பட்டது. இவற்றின் இப்போதைய நிபந்தனைகளை நகராட்சி அலுவலகத்திலும் கைத்தறித் துறையிலும் கேட்டறியுங்கள். ஏழையின் கஷ்டம் பெரும்பாலும் காகிதக் கஷ்டம். ஆதார் ஓர் ஊரில், ரேஷன் அட்டை மற்றோர் ஊரில், பட்டாவோ செத்துப்போன பாட்டனார் பெயரில். எழுத்து அறிந்த நம் வாலிபர்கள் ஒரு மனுவை எழுதிக்கொடுத்து, கூடவே அலுவலகம் வரை நடந்துபோனால், அது ஒரு கூரை ஓடு எடுத்துக்கொடுத்ததற்குச் சமம்.

இப்போது வீடு வாடகைக்கு விடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கோபிக்கவேண்டாம். வாடகை வாங்குவது பாவமல்ல. பல விதவைகளுக்கு அதுவே சோறு. ஆனால் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கீழே வை என்று கூலிக்காரனிடம் கேட்பது நியாயமா? 2019-ல் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைக்குமேல் முன்பணம் வாங்கலாகாது என்றும், குடியிருப்பவனைத் துரத்துவதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தலாகாது என்றும் சொல்லுகிறது. சட்டமே இவ்வளவு இரக்கப்படும்போது, நற்கருணை வாங்குகிற நாம் அதைவிடக் குறைவாகவா இரக்கப்படுவது? குடியிருப்பவனும் அப்படியே. கூலி வந்த அன்றைக்கே வாடகையை எடுத்துவைக்கட்டும். கள்ளுக்கும் சாராயத்துக்கும் போன பிறகு மிஞ்சியதை வீட்டுக்காரருக்குக் கொடுப்பதும் அநீதியே.

1987-ம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை வீடற்றோருக்கான ஆண்டாக அனுசரித்தபோது, ரோமையிலிருந்து வீட்டுவசதிபற்றி ஓர் அறிக்கை வந்தது. வீடில்லாத உன் சகோதரனுக்கு நீ செய்தது என்ன என்று அதன் தலைப்பே நம்மைக் கேட்டது. 2019-ல் அர்ச். இராயப்பர் பேராலயத்து அருகிலிருந்த அரண்மனை ஒன்று, பாப்பரசர் பிரான்சிஸின் விருப்பப்படி வீடற்றவர்கள் தங்கும் இல்லமாக மாறியது. அரண்மனை திறக்கலாமென்றால் ஞானோபதேச அறையைத் திறக்கக்கூடாதா?

பதினைந்து நாள் தேடி அந்தக் குடும்பத்தைக் கண்டுபிடித்தோம். ஒரு கிராமத்தில் உறவினர் மாட்டுக்கொட்டகையில் இருந்தார்கள். நெசவு செய்த கை செங்கல் சுமந்துகொண்டிருந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் மனைவி, "மழையில் நீங்கள் என்ன செய்வீர்கள் சுவாமி" என்று சொல்லி, எனக்கு உட்கார ஒரு பலகை கொண்டுவந்து போட்டார். வீடில்லாதவள் எனக்கு இடம் கொடுத்தாள்! அந்தப் பலகையில் உட்கார்ந்தபோது எனக்கு உண்டான வெட்கத்தை எந்த ஞான ஒடுக்கத்திலும் நான் அடைந்ததில்லை. தறி போட இடங்கொடுக்கும் வீடு அவர்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

ஆகவே, இந்த ஞாயிறு முதல் ஞானோபதேச அறை இரவில் பூட்டப்படாது. பாயும் விளக்கும் உபதேசியாரிடம் இருக்கும். இது வீடாகாது, ஒரு ராத்திரிக்கு ஒண்டுமிடம், அவ்வளவே. வீட்டில் காலியான பகுதி உள்ளவர்கள், முக்கியமாய்த் தறிக்குழிக்குச் சம்மதிக்கிறவர்கள், பூசைக்குப்பின் என்னிடம் சொல்லுங்கள். முன்பணம் கட்டமுடியாதவர்களுக்குக் கைமாற்றுக் கொடுக்க, ஒவ்வொரு குடும்பமும் சமைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்துவைத்து மாதக் கடைசியில் கோவிலுக்குக் கொண்டுவாருங்கள். 1833-ல் பாரிஸ் பட்டணத்தில் ஓசானாம் என்ற இருபது வயது மாணவர் தம் தோழர்களோடு ஏழைகள் வீட்டுப் படியேறியபோது, அவர்கள் கையிலும் அதிகம் இருக்கவில்லை. அதிலிருந்து வளர்ந்ததுதான் அர்ச். வின்சென்ட் தே பவுல் சபை.

இன்று இரவு நீங்கள் கதவைத் தாழ்ப்பாள் போடும்போது ஒரு நிமிஷம் நில்லுங்கள். இந்தக் கூரையை எனக்குத் தந்த சர்வேசுரனுக்குத் தோத்திரம் என்று சொல்லுங்கள். பிறகு, வெளியில் யாராவது நிற்கிறார்களா என்று ஒரு தரம் பார்த்துவிட்டுத் தாழ்ப்பாள் போடுங்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை, நீங்களாவது பாருங்கள்.

இடம் தேடி அலைந்த திருக்குடும்பம் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பதாக. ஆமென்.

உங்கள் ஆத்தும நன்மையை நாடும்
பங்குக் குருவானவர்