ஆற்றலும் அளவும்: யப்பானிய டர்போக் கார்களை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

மனிதன் தான் ஏறிச் செல்லும் ஊர்தியிலே தன் மதிப்பையும் ஏற்றிச் செல்ல விரும்புபவன். யானையும் குதிரையும் பல்லக்கும் ஒரு காலத்தில் ஆற்றிய அப்பணியை இன்று மோட்டார்க் கார் ஆற்றுகின்றது. புத்தூர்ச் சந்தியிலே மாலை வேளைகளிற் கூடும் இளைஞரிடையே யப்பானிய விளையாட்டுக் கார்களைப் பற்றிய பேச்சு எழுவது புதுமையன்று. நிசான் ஸ்கைலைன், ரொயோட்டா சுப்ரா, மஸ்டா ஆர்.எக்ஸ்.-7 முதலிய பெயர்கள் அவர்களுக்கு மனப்பாடம். பதினைந்து ஆண்டு நிறைந்த கார்களை இறக்குமதி செய்யக் கனடாவில் இடமுண்டு. ஆதலால் ஸ்காபரோவில் வாழும் ஒன்றுவிட்ட தமையனுக்கு இவை எட்டக்கூடிய பொருள்கள். அவரிடம் தொலைபேசியில் இவர்கள் வினவுவன பெரும்பாலும் இரண்டே: “எத்தினை ஓடும் அண்ணை?” “என்ன விலை வரும்?”

இவ்வினாக்களைத் தொடக்க நிலையினரின் வினாக்களெனச் சிரித்து ஒதுக்குதல் தகாது. ஆற்றல் எவ்வளவு, அதற்கு ஈடாகக் கொடுக்கவேண்டியது எவ்வளவு என்பன ஒழுக்கவியலின் பழைய வினாக்களேயாகும். எனினும் இவ்விரண்டிற்கும் முன்னர்க் கேட்கப்படவேண்டிய மூன்றாவது வினா ஒன்றுண்டு. “எதற்கு?” என்பதே அது. முழுமையாகப் பயன்படுத்த இயலாத ஆற்றலை ஒருவன் விரும்பித் தேடுதல் முறையாகுமா என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

முதற்கண் டர்போ என்னும் கருவியின் இயல்பை நோக்குவோம். பெற்றோல் எஞ்சினில் எரிபொருள் தரும் சக்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு புகைக்குழாய் வழியே வெப்பமாக வீணே வெளியேறுகின்றது. அவ்வாறு வெளியேறும் வாயுவைக் கொண்டு ஒரு சிறு சுழலியைச் சுழற்றி, அச்சுழற்சியாலே புறக்காற்றை அமுக்கி எஞ்சினுள் மிகுதியாகச் செலுத்துவதே டர்போவின் தொழில். காற்று மிகுந்தால் அதற்கேற்ப எரிபொருளும் மிகுதியாக எரிக்கப்படலாம். சிறிய எஞ்சின் பெரிய எஞ்சினின் வேலையைச் செய்யும். சுவிற்சர்லாந்துப் பொறியியலாளரான அல்பிரட் பூக்கி 1905ஆம் ஆண்டிலே இதற்குக் காப்புரிமை பெற்றார். யப்பானிலே 1979இல் நிசான் செட்ரிக் கார் இக்கருவியுடன் விற்பனைக்கு வந்தது.

இதன் தோற்றத்திலுள்ள கருத்து சிக்கனமே என்பது மனங்கொள்ளத்தக்கது. வீணாவதை மீட்டுப் பயன்கொள்ளல் நம் பெற்றோர் போற்றிய பண்பன்றோ! புத்தூரைக் கடந்து பருத்தித்துறைக்கு ஓடும் டீசல் பஸ் வண்டிகள் பலவற்றிலும் இக்கருவியே உழைக்கின்றது. பஸ்ஸில் அறுபது பேரைச் சுமக்கத் துணைநிற்கும் அதே கருவி, விளையாட்டுக் காரில் ஒருவரின் மகிழ்ச்சிக்கு ஏவல் செய்கின்றது. ஆகவே குணமும் குற்றமும் கருவியினிடத்தில் இல்லை. அதனிடம் நாம் கேட்கும் வேலையிலேயே உள்ளன.

இனி, “எத்தினை ஓடும்?” என்ற வினாவை எடுத்துக்கொள்வோம். 1989இல் வந்த ஸ்கைலைன் ஜீ.ரீ.-ஆர். காரின் எஞ்சின் 2.6 லீற்றர் கொள்ளளவும் இரண்டு டர்போக்களும் உடையது; அதற்கு அறிவிக்கப்பட்ட ஆற்றல் 280 பரிவலு. 1993இல் வந்த சுப்ராவின் 3 லீற்றர் எஞ்சினுக்கும் யப்பானில் அறிவிக்கப்பட்டது அதே 280. வெவ்வேறு நிறுவனங்களின் வெவ்வேறு எஞ்சின்கள் ஒரே எண்ணில் வந்து நின்றமை தற்செயலன்று. யப்பானில் வீதி விபத்து மரணங்கள் 1988இல் மீண்டும் 10,000ஐக் கடந்தன. அதனை அடுத்து, 280 பரிவலுவிற்கு மேற்செல்வதில்லையென நிறுவனங்கள் தம்முள் ஓர் இணக்கத்திற்கு வந்தன. 2004இல் ஹொண்டா லெஜண்ட் 300 பரிவலுவுடன் வரும்வரை அவ்வெல்லை நிலைத்தது.

போட்டியாளர் தாமாகவே தமக்கு எல்லை வகுத்துக்கொண்டமை பாராட்டுக்குரியதே. ஆயினும் இவ்வரலாற்றிற்கு மறுபக்கமும் உண்டு. அறிவிக்கப்பட்ட எண் 280 ஆக இருக்க, அக்கார்கள் சிலவற்றின் மெய்யான ஆற்றல் அதனை விஞ்சியிருந்தமை பின்னர் அளந்து காணப்பட்டது. அஃதாவது, அடக்கம் தாளிலே இருந்தது. எஞ்சினிலே முழுமையாக இருக்கவில்லை. பிறர் பார்வைக்காக மேற்கொள்ளப்படும் அடக்கத்திற்கும் உள்ளத்திலிருந்து எழும் அடக்கத்திற்கும் உள்ள வேறுபாட்டிற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுக் காண்டல் அரிது.

அரிஸ்ரோட்டில் ஆற்றல்நிலை, செயல்நிலை என இரண்டை வேறுபடுத்திக் காட்டினார். ஆற்றல் செயலுக்காகவே உள்ளது என்பது அவர் கருத்து; கண்ணின் பார்வை காண்பதற்காகவே அமைந்தது. இவ்வளவையை நமது வீதிக்குப் பொருத்திப் பார்ப்போம். ஊர்மனைகளினூடே காருக்குரிய வேக எல்லை மணிக்கு 50 கிலோமீற்றர். ஏனைய வீதிகளில் 70. நெடுஞ்சாலைகளிற்கூட 100 தான். யப்பானிலே 180இல் தடுத்து நிறுத்தப்பட்ட கார் ஒன்று இங்கு வருமாயின், அதன் ஆற்றலின் பெரும்பங்கு செயல்நிலையை எய்தாது உறங்கும். அல்லது வல்லைவெளியின் நேர்வீதியைக் கண்டதும் விழித்துக்கொள்ளும். வேகம் இரட்டிக்கும்போது இயக்கசக்தி நான்கு மடங்காகும் என்பதை நாம் பாடசாலையிலே படித்தோம். தோட்டத்திலிருந்து துவிச்சக்கரவண்டியில் வீதிக்கு ஏறும் முதியவர் அச்சமன்பாட்டைப் படித்திருக்கமாட்டார். ஆயின் அதன் விளைவைத் தாங்கவேண்டியவர் அவரே.

பயன்படாத ஆற்றல் யாவும் வீண் என்று இதனாற் கொள்ளலாமா? கொள்ளலாகாது. சேமிப்பாக நிற்கும் ஆற்றலும் உண்டு. புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணறு இதற்குச் சான்று. அடியில்லாக் கிணறென ஊரார் வியந்து பேசும் அதிலே மேலே நன்னீரும் ஆழத்தே உவர்நீரும் உள்ளன. சுண்ணாம்புக் கல்லினுள் உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீரே குடாநாட்டின் உயிர். அளவோடு இறைப்பவனுக்கு அது நன்னீர் தரும். இயந்திரத்தின் வலுவை நம்பி அளவிறந்து இறைப்பின் உவர் மேலேறும். பம்பியின் திறன் வேறு, கிணற்றின் தாங்குதிறன் வேறு என்பதைத் தோட்டக்காரன் அறிவான். வள்ளுவர் ‘வலியறிதல்’ என ஓர் அதிகாரம் வகுத்ததும் வலிமையைப் பெறுதற்கன்று, அதன் எல்லையை உணர்தற்கே எனலாம்.

அடுத்து விலை. அமெரிக்காவிலே புதிதாக விற்கப்பட்டபோது டர்போ சுப்ராவின் விலை ஏறத்தாழ 40,000 டொலர். 2001இல் வெளிவந்த ஆங்கிலத் திரைப்படமொன்றில் ஓடிய சுப்ரா ஒன்று 2021இல் 550,000 டொலருக்கு ஏலம் போயிற்று. இக்காலத்தில் அவ்வெஞ்சினின் வேகம் கூடிவிடவில்லை. கூடியது அதனைச் சூழ்ந்த கதையே. ஆகவே “என்ன விலை?” என்று கேட்பவன், எஞ்சினுக்கு எவ்வளவு, பிறரது வியப்புக்கு எவ்வளவு எனப் பிரித்துக் கேட்டல் வேண்டும். அவ்வாறு கேட்பானாயின், தான் வாங்க விரும்புவது காரையா பிறர் கண்களையா என்பது அவனுக்கே புலப்படும்.

நமது மண்ணில் விலைக்கு வேறொரு பொருளும் உண்டு. 1990களிலே பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் அரிதானபோது, ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் முதலிய பழைய கார்கள் சிறிது பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. புகை கக்கி, மெல்ல நகர்ந்து, நோயாளரையும் கர்ப்பிணிகளையும் அவை வைத்தியசாலைக்குச் சேர்த்தன. 2022இல் நாடெங்கும் எரிபொருள் அருகியபோது ஒரு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றரென அளந்து கொடுக்கப்பட்டது. 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ருவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டதெனினும், வரியோ சாதாரண காரையும் பலருக்கு எட்டாததாக்கியுள்ளது. இத்தகைய நாட்டில் ஒரு காரின் விலையை வாங்குபவர் மட்டும் செலுத்துவதில்லை. நாட்டின் அந்நியச் செலாவணியும், குளிர்நாட்டில் இரண்டு வேலை பார்த்துப் பணம் அனுப்பும் உறவினரின் உறக்கமும் அதிற் பங்குகொள்கின்றன.

இவ்வாறு கூறுவதனால் இளைஞரின் ஆசையைப் பழிப்பது நோக்கமன்று. திறம்பட வனையப்பட்ட எஞ்சினைக் கண்டு வியத்தல், நற்சிற்பத்தைக் கண்டு வியத்தல் போன்றதே. நிமிடத்திற்கு ஓர் இலட்சம் சுற்றுக்கும் மேலாகச் சுழலும் சிறு சக்கரம் மனித அறிவின் வெற்றியாகும். ஓட்டத் திடலிலே, உரிய பாதுகாப்புடன், ஆபத்தை ஏற்க உடன்பட்டவரிடையே அவ்வாற்றலைச் செயற்படுத்துவது குற்றமாகாது. ஆனால் பொதுவீதியிலே உடன்பாடு கேட்கப்படாதவர் பலர் நடக்கின்றனர். ஆற்றலுக்கு உரிமையுடையோன் ஒருவனாகவும் அதன் ஆபத்துக்கு உரியோர் பலராகவும் இருக்கும் இடத்திலேதான் அறம் குறுக்கிட வேண்டியுள்ளது.

ஆதலின், ஆற்றலின் அளவுகோல் பரிவலு மட்டுமன்று. அவ்வாற்றல் எத்தேவைக்கு விடையளிக்கின்றது, அதன் செலவை யார் யார் தாங்குகின்றனர் என்பனவும் கணக்கிற் சேர்க்கப்படல் வேண்டும். அவ்வாறு கணக்கிடின், மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் நம்மூரில் ஓடிய கார்களுள் மிக வலியது எனத் துணியலாம். ஸ்காபரோவிலிருக்கும் அண்ணரிடம் முதலிரு வினாக்களையும் கேட்பதில் தவறில்லை. மூன்றாவது வினாவுக்கு அவரால் விடை கூற இயலாது. கேட்பவனே தனக்குக் கூறிக்கொள்ளவேண்டிய விடை அது.